எல்லையே இல்லையாம், பிளக்கைச் சொருகிப் பாருங்கள்!

கரீபியனில் இருக்கும் செயின்ட் மார்ட்டின் தீவுக்கு எந்தப் பயண விளம்பரத்தை எடுத்தாலும் ஒரே பல்லவிதான்: ஒரு தீவு, இரண்டு நாடு, எல்லையே கிடையாது. கூடவே மாஹோ கடற்கரையில் தலையை உரசுவதுபோல விமானம் இறங்கும் படம். லட்சக்கணக்கில் செலவழித்துப் போகிறவர்களுக்கு, தங்கப்போகும் அறையில் எத்தனை வோல்ட் மின்சாரம் என்று சொல்ல ஒரு வரிகூடவா இடமில்லை?

செக்போஸ்ட் இல்லை என்பது உண்மைதான். 1648-இல் ஒப்பந்தம் போட்டுப் பிரித்துக்கொண்ட தீவு. மொத்தமே 87 சதுர கிலோமீட்டர். வடக்கே பிரான்ஸுக்கு 53, தெற்கே நெதர்லாந்து ராஜ்ஜியத்தின் சின்ட் மார்ட்டனுக்கு, அதாவது டச்சுப் பக்கத்துக்கு, 34. சாலையோரம் ஒரு நினைவுத்தூண், ஒரு பெயர்ப்பலகை, கார் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். தாண்டாதது மற்ற எல்லாமும்!

முதலில் கரண்ட். பிரெஞ்சுப் பக்கம் 220 வோல்ட், ஐரோப்பிய உருண்டைப் பின். டச்சுப் பக்கம் 110 வோல்ட், அமெரிக்கத் தட்டைப் பின். 'யுனிவர்சல் அடாப்டர் இருக்கிறதே' என்று நினைக்காதீர்கள். அது பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. இங்கிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட், 1500 வாட் கெட்டிலை டச்சுப் பக்கம் சொருகினால் கிடைப்பது கால்வாசிக்கும் குறைவான சூடு, சுமார் 340 வாட். 4 நிமிஷத்தில் கொதிக்க வேண்டிய ஒரு லிட்டர் தண்ணீர் 15 நிமிஷம் தாண்டியும் கொதிக்காது. சரி, கெட்டில் போனால் போகட்டும். குழந்தைக்கு வீசிங் என்று 230 வோல்ட் நெபுலைசரை எடுத்துப் போகிறவர்களின் கதி? மோட்டார் உறுமும், சூடாகும், மருந்துப் புகை வராது. இதைச் சொல்லாமல் அறையை விற்கிறார்களே, வயிறு எரிகிறது.

தலைகீழாக நடப்பது இன்னும் மோசம். அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் ஹேர் டிரையரைப் பிரெஞ்சுப் பக்கம் சொருகினால் மூன்று மடங்குக்கு மேல் வாட் இழுத்து, உள்ளே இருக்கும் காயில் கருகிவிடும். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் '100-240V' என்று இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் அடாப்டர் போதும். இல்லையென்றால் அந்தச் சாமானை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்து போன். பத்து நிமிஷ தூரத்தில் இருக்கும் உணவகத்தில் மேசை பதிவு செய்ய சர்வதேச அழைப்பு! டச்சுப் பக்கத்திலிருந்து பிரெஞ்சு லேண்ட்லைனுக்கு 00 590 590 என்று 590-ஐ இரண்டு முறை அடிக்க வேண்டும்; முதலாவது நாட்டுக் குறியீடு, அடுத்தது எண்ணின் தொடக்கம். பிழை என்று நினைத்து ஒன்றை விட்டுவிட்டால் கால் போகாது. பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து டச்சுப் பக்கத்துக்கு 00 1 721. ஐரோப்பிய சிம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கண்ணி: பிரெஞ்சுப் பக்கம் ஐரோப்பிய ரோமிங்கில் அடங்கும், டச்சுப் பக்கம் அடங்காது. எல்லை ஓரத்தில் போன் தானாகவே எதிர்ப்பக்க டவரைப் பிடித்துக்கொள்ளும், பில் ஏறும். நெட்வொர்க் தேர்வைக் கையால் போட்டுவையுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக: பிரெஞ்சுப் பக்கம் யூரோ, டச்சுப் பக்கம் 2025 மார்ச் 31 முதல் கரீபியன் கில்டர். டாலர் இரு பக்கமும் ஓடும். பிரெஞ்சு உணவக விலையில் சேவைக் கட்டணம் சேர்ந்தே இருக்கும். டச்சுப் பக்கம் பில்லில் அது தனியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள். விசாவும் அப்படித்தான். தீவின் இரு பாதிகளுமே ஐரோப்பாவின் பொது விசா மண்டலமான ஷெங்கனுக்கு வெளியே. பெரிய விமானங்கள் டச்சுப் பக்கத்து ஜூலியானா விமான நிலையத்தில்தான் இறங்கும். பிரெஞ்சுப் பக்கம் அறை எடுத்திருந்தாலும் இரண்டுக்குமான விசா விதியைத் தனித்தனியாக விசாரித்தாக வேண்டும்.

திரும்பும் நாளில் இருக்கிறது பெரிய வேதனை. விமான நிலையம் போகும் வழியில், சிம்ப்சன் பே ஏரிக்குள் படகு போக சாலைப் பாலத்தையே தூக்குவார்கள். அந்த நேரத்தில் மாட்டினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். டச்சுப் பக்கத் தலைநகர் பிலிப்ஸ்பர்க்கிலிருந்து வருகிறவர்கள் ஏரியின் குறுக்கே 2013-இல் திறந்த காஸ்வே பாலத்தில் திரும்பினால் இந்தத் தூக்குப் பாலத்தைத் தவிர்க்கலாம். ஆனால் அதற்கு முன்னால் கோல் பே நெரிசலை யாராலும் தவிர்க்க முடியாது. பிரெஞ்சுப் பக்கத் தலைநகர் மாரிகோ வழியாகச் சுற்றினால் சாண்டி கிரவுண்டில் இன்னொரு தூக்குப் பாலம் காத்திருக்கிறது. பாலம் திறக்கும் நேரத்தை முந்தின நாளே ஓட்டலில் கேட்டு எழுதிவைக்காமல் கிளம்பாதீர்கள்.

எல்லாவற்றையும்விடக் கோபம் வருவது இதற்குத்தான். ஆபத்து நேரத்துக்கான எண்ணும் ஒன்றல்ல! பிரெஞ்சுப் பக்கம் ஆம்புலன்ஸுக்கு 15 அல்லது 112. டச்சுப் பக்கம் போலீஸுக்கு 911, ஆம்புலன்ஸுக்கு 912. மருத்துவமனையும் ஆளுக்கொன்று, மாரிகோவில் ஒன்று, டச்சுப் பக்கக் கே ஹில்லில் ஒன்று. பயணக் காப்பீடு எடுக்கும்போது பிரான்ஸ், சின்ட் மார்ட்டன் இரண்டு பெயரும் பாலிசியில் எழுத்தில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இவ்வளவையும் அச்சடிக்க அரைப் பக்கம் போதும். அறை உறுதிச் சீட்டோடு அந்த அரைப் பக்கத்தை அனுப்ப என்ன கேடு இவர்களுக்கு?