புளோரன்ஸ் போகும் குடும்பங்களுக்கு: முதல் டிக்கெட் உஃபிசிக்கு வேண்டாம்

இத்தாலிப் பயணத் திட்டங்களில் புளோரன்ஸுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பகல்தான் கிடைக்கிறது. ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்தானே, காலையில் போய் இரவு திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த ஒரு பகலுக்குள் உஃபிசி ஓவியக்கூடம், தாவீது சிலை இருக்கும் அக்காடெமியா, பேராலயக் குவிமாடம் என மூன்றையும் திணிக்கிறார்கள். மதியத்துக்குள் பிள்ளைகளுக்குக் கால் வலி, பெரியவர்களுக்கு எரிச்சல். எதையும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.

குடும்பத்தோடு போனால் குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள் என்பேன். முதல் டிக்கெட்டை உஃபிசிக்கு எடுக்காதீர்கள். பேராலயத்தின் பின்பக்கம் இருக்கிற ஓபெரா டெல் டுவோமோ அருங்காட்சியகத்துக்கு எடுங்கள். பேராலயத்தைக் கட்டவும் பராமரிக்கவும் 1296-இல் தொடங்கப்பட்ட அமைப்பு நடத்தும் அருங்காட்சியகம் இது. குவிமாடத்தைக் கட்டவைத்தது, பேராலயத்தின் பக்கத்தில் மணிக்கோபுரத்தை எழுப்பியது, மைக்கேலாஞ்சலோவிடம் தாவீதைச் செதுக்கச் சொன்னது எல்லாம் இதே அமைப்புதான். இங்கே தொடங்கினால் ஊரில் மற்ற இடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து புரியும். உஃபிசியில் தொடங்கினால் பிள்ளைகளுக்கு மூன்றாவது அறையிலேயே எல்லா மாதா ஓவியங்களும் ஒன்றுபோல் தெரிய ஆரம்பித்துவிடும்.

உள்ளே போனதும் பெரிய கூடத்தில், 1587-இல் இடிக்கப்பட்ட பேராலயத்தின் பழைய முகப்பை முழு அளவில் மறுபடி அமைத்திருக்கிறார்கள். அதற்கு எதிரே கிபெர்ட்டி என்ற சிற்பியின் வெண்கலக் கதவுகள். வெளியே ஞானஸ்நான மண்டபத்தின் முன்னால் கூட்டம் கூட்டமாக நின்று படம் எடுக்கும் தங்க முலாம் பூசிய கதவு வெறும் நகல்தான். 1425 முதல் 1452 வரை செய்த அசல் இங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தபோது இந்தக் கதவின் பத்துப் பலகைகளில் ஐந்தை வெள்ளம் பெயர்த்துவிட்டது. செப்பனிட 27 ஆண்டு ஆனது. பைபிள் கதை தெரிந்த பிள்ளையிடம் ஒவ்வொரு பலகையிலும் என்ன கதை என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது. டொனாட்டெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலேனா மரியாளையும், மைக்கேலாஞ்சலோ முதுமையில் செதுக்கிப் பாதியில் தானே சுத்தியலால் உடைத்த பியெத்தாவையும் (இறந்த இயேசுவைத் தாங்கியிருக்கும் சிலை) தவறவிடாதீர்கள்.

குவிமாடத்துக்கு ஏறுவதற்கு முன் இந்த அருங்காட்சியகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், குவிமாடத்தைக் கட்டிய புருனெல்லெஸ்கியின் மர மாதிரியும் கட்டுமானத்தில் பயன்பட்ட கப்பிகளும் கருவிகளும் இங்கே இருப்பதுதான். சுமார் 45 மீட்டர் அகலத் திறப்பை மூட வேண்டும். அதைத் தாங்கிப் பிடிக்கத் தரையிலிருந்து மரச்சாரம் கட்டுவது நடக்காத காரியம். 1420-இல் வேலை தொடங்கிய அவர், உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு ஓடுகளாகக் குவிமாடத்தை எழுப்பினார். செங்கலை மீன்முள் வடிவில் அடுக்கியதால் சுண்ணாம்புச் சாந்து இறுகும்வரை வரிசை சரியாமல் நின்றது. மாடு சுற்றி இழுக்கும் பாரந்தூக்கி ஒன்றையும் வடிவமைத்தார். மாட்டைத் திருப்பிக் கட்டாமலே, பல்சக்கரத்தை மாற்றினால் சுமை ஏறும் அல்லது இறங்கும். 1436-இல் குவிமாடம் முடிந்தது. இதைத் தெரிந்துகொண்டு ஏறினால், அந்த இரண்டு ஓடுகளுக்கு நடுவில்தான் நடக்கிறோம் என்பதும், பக்கச்சுவரில் தெரிவது அதே மீன்முள் அடுக்கு என்பதும் பிள்ளைகளுக்கே புரியும்.

ஏறுவது சுலபமில்லை. 463 படி, லிஃப்ட் கிடையாது. பாதை குறுகல், சில இடங்களில் ஏறுபவரும் இறங்குபவரும் ஒதுங்கி வழிவிட வேண்டும். இதய நோய், மூட்டுவலி, அடைத்த இடத்தில் பயம் உள்ளவர்கள் வேண்டவே வேண்டாம். குழந்தையைத் தள்ளுவண்டியோடு கொண்டுபோக முடியாது, பெரிய பைக்கும் அனுமதி இல்லை. நுழைவு நேரம் குறித்துத்தான் டிக்கெட். எடுத்த பிறகு மாற்ற முடியாது, தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே ரயிலில் வந்து இறங்கும் நாளில் போடாதீர்கள். மறுநாள் காலை முதல் நேரத்தை எடுங்கள். பேராலயத்தைச் சேர்ந்த இடங்களுக்கு மூன்று வகைப் பாஸ் உண்டு. குவிமாடம் வேண்டுமென்றால் புருனெல்லெஸ்கி பாஸ் மட்டுமே. ஜோத்தோ பாஸில் மணிக்கோபுரம் உண்டு, குவிமாடம் இல்லை. கிபெர்ட்டி பாஸில் ஏறுவது எதுவும் இல்லை. தாத்தா பாட்டிக்குக் கிபெர்ட்டி, ஏறுபவர்களுக்கு மட்டும் புருனெல்லெஸ்கி என்று பிரித்து எடுத்தால் பணம் மிச்சம். பேராலயத்துக்குள் போக டிக்கெட் தேவையில்லை, ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கோடையில் கையில்லாத சட்டையோடு வருபவர்கள் இந்த இடத்தில்தான் திரும்பிப் போகிறார்கள்.

தாவீதும் இந்தப் பேராலயத்துக்காகச் செதுக்கியதுதான். வேறொருவர் தொடங்கிக் கைவிட்ட சலவைக்கல்லில் 1501-இல் வேலை தொடங்கி 1504-இல் முடித்தார் மைக்கேலாஞ்சலோ. 5.17 மீட்டர் உயரம். பேராலயத்தின் உச்சியில் நிறுத்தி, கீழிருந்து அண்ணாந்து பார்க்க நினைத்த சிலை என்பதால்தான் தலையும் கையும் பெரிதாக இருக்கின்றன என்று பலரும் விளக்குகிறார்கள். கடைசியில் சிலை சிஞ்ஞோரியா சதுக்கத்தில் நின்றது. 1873-இல் அக்காடெமியாவுக்கு மாற்றினார்கள். சதுக்கத்தில் இப்போது இருப்பது 1910-இல் வைத்த நகல். அக்காடெமியாவுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். முடிந்தால் அதற்கு முன்னால் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் டொனாட்டெல்லோவின் வெண்கலத் தாவீதைப் பார்த்துவிடுங்கள். அதில் தாவீது கல்லெறிந்து வீழ்த்திய அரக்கன் கோலியாத்தின் தலை காலடியில் கிடக்கிறது. மைக்கேலாஞ்சலோவின் தாவீது இன்னும் கல்லை எறியவே இல்லை.

உஃபிசியும் அக்காடெமியாவும் திங்கட்கிழமை விடுமுறை. ஓபெரா அருங்காட்சியகம் திங்களன்று திறந்திருக்கும், மாதத்தின் முதல் செவ்வாயன்று மூடியிருக்கும். உஃபிசி, அக்காடெமியா என்ற இரண்டு அரசு அருங்காட்சியகங்களிலும் 18 வயதுக்குக் கீழ் நுழைவு இலவசம். ஆனாலும் பிள்ளைகளுக்கும் நேரம் முன்பதிவு செய்யுங்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வையுங்கள். ஓபெராவின் பாஸுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அதற்கு வயது வரம்பு வேறு. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் எல்லோருக்கும் இலவசம் என்று கேட்டு ஆசைப்படாதீர்கள். முன்பதிவு இல்லாத அந்த நாளின் வரிசையில் குழந்தைகளை நிறுத்துவது கொடுமை.

உஃபிசியை எல்லாம் பார்க்க வேண்டாம். சிமாபூயே, தூச்சோ, ஜோத்தோ மூவரும் வரைந்த மாதா ஓவியங்கள் ஒரே அறையில் இருக்கின்றன. ஜோத்தோவின் மாதா மட்டும் உண்மையான உடம்பின் கனத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிறகு பொத்திசெல்லி, லியனார்டோ, கரவாஜ்ஜோ கேடயத்தில் வரைந்த, தலைமுடி பாம்பாக இருக்கும் மெதூசாவின் தலை. இரண்டரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம். மேல்தளத்திலிருந்து இறங்கிவிட்டால் பொதுவாகத் திரும்ப ஏற விடமாட்டார்கள். விட்டுப்போனதை இறங்குவதற்கு முன்பே பாருங்கள்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. பல உணவகங்கள் இரண்டரை மணிக்கு அடுப்பை அணைத்தால் இரவு ஏழுக்குத்தான் மறுபடி ஏற்றும். காலையில் பார்க்க வேண்டியதை ஒரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ரிபொல்லீத்தா என்ற ரொட்டி-பீன்ஸ்-கீரை சூப் நன்றாக இருக்கும், ஆனால் சில இடங்களில் இறைச்சி வேகவைத்த நீரைச் சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். வாடகைக் காரில் வருபவர்கள் பழைய நகருக்குள் வண்டியை விடாதீர்கள். அனுமதியில்லாத வண்டியைக் கேமரா பிடித்துவிடும். அபராதக் கடிதம் மாதங்கள் கழித்துக்கூட வீட்டுக்கு வரும்.