இண்டியானாபோலிஸில் பெராரி யாரையும் தடுக்கவில்லை

சுங்கை சிப்புட்டில் நான் டயர் மாற்றும் மோட்டார் பட்டறையில், இண்டியானாபோலிஸில் நடந்த 2005 அமெரிக்க கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் பெராரியே 14 கார்களை ஓடவிடாமல் தடுத்ததாகக் கூறும் புலனச் செய்தியை ஒரு தம்பி காட்டினார். அது தவறு.

வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் சரிவான 13ஆம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் கார் விபத்துக்குள்ளான பிறகு, அங்கே வேகம் குறைக்கப்படாவிட்டால் தன் டயர்கள் பாதுகாப்பானவை அல்ல என்று மிஷ்லான் நிறுவனமே எழுதிக் கொடுத்தது. வளைவுக்கு முன் தடைத்திருப்பம் (கார்களின் வேகத்தைக் குறைக்கும் குறுகிய வளைவுகள்) அமைக்கும் யோசனையைப் பெராரி ஆதரிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் மறுக்கும் அதிகாரம், இந்தப் பந்தயங்களின் விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பின் கையில் இருந்தது. ஏற்ற டயருடன் வராதவர்களுக்காகப் பாதையை மாற்றுவது நியாயமல்ல என்ற அதன் வாதம் எனக்குச் சரியாகவே படுகிறது. ஆகவே மிஷ்லான் டயர் பூட்டிய ஏழு அணிகள், பந்தயம் தொடங்கும் முன் ஓடும் அணிவகுப்புச் சுற்றோடு விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் டயருடன் ஆறு கார்கள் மட்டுமே ஓடின.

பட்டறைத் தரையில் கிடந்த, பக்கவாட்டில் புடைத்த டயரை அழுத்திப் பார்த்தால், விலகிய ஓட்டுநர்களைக் கோழைகள் என்று எழுத யாருக்கும் மனம் வராது. பார்வையாளர்களுக்கு நுழைவுச்சீட்டுப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்ததும் மிஷ்லான்தான்.