ஆமென் சொல்ல வைக்கும் பாட்டு

இந்த வாரம் முழுக்க நைஜீரியப் பாடகர் ஃபெலா குட்டியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதிலும் 1978-இல் வந்த 'ஷஃபரிங் அண்ட் ஷ்மைலிங்', அதாவது கஷ்டப்பட்டுக்கொண்டே சிரிப்பது. 20 நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டு. வெகுநேரம் டிரம்ஸும் கிட்டாரும் ஊதுகருவிகளும்தான். நாம் ஆட ஆரம்பித்த பிறகுதான் ஆள் வாயைத் திறக்கிறார்.

மதத்தை விமர்சிக்கும் பாட்டு பல நேரம் கடவுள் உண்டா இல்லையா என்பதில் போய் நின்றுவிடும். ஃபெலா அந்தப் பக்கமே போகவில்லை. நேராக நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து பஸ்ஸில் ஏறுகிறார். உட்கார்ந்திருப்பவர்கள் 49, நிற்பவர்கள் 99 என்று தலை எண்ணுகிறார். வீட்டுக்குப் போனால் தண்ணீர் இல்லை, படுக்கப் போனால் கரண்ட் இல்லை. ரோட்டில் போலீஸ் அறைகிறான், பட்டாளத்துக்காரன் சவுக்கால் அடிக்கிறான். பையைத் தடவினால் காசும் இல்லை. இத்தனையிலும் சனம் சிரித்துக்கொண்டே நிற்கிறது.

ஏன் சிரிக்கிறது? இங்கே கஷ்டப்படு, சொர்க்கத்தில் அனுபவிக்கலாம் என்று அவர் பாட, பின்னால் கோரஸ் 'ஆமென்' என்கிறது. அப்புறம் லண்டனில் ஆர்ச்பிஷப், ரோமில் போப், மெக்காவில் இமாம் எல்லோரும் இங்கேயே, இப்போதே அனுபவிக்கிறார்கள் என்று காட்டுகிறார். அவர் சொல்லச் சொல்லப் பதில் சொல்லும் அந்த முறை தேவாலயத்தில் கேட்டுப் பழகியதுதான். தாளம் பிடித்துப்போய் நாமும் கூடவே ஆமென் சொல்லிவிடுகிறோம், சொன்ன பிறகுதான் உறைக்கிறது. எந்த மேடைப்பேச்சும் எனக்குள் இதைச் செய்ததில்லை.

இதெல்லாம் வெளியே நின்று கல்லெறிந்தவரின் பாட்டு கிடையாது. ஃபெலாவின் அப்பா ஆங்கிலிக்கன் பாதிரியார். தாத்தாவும் பாதிரியார்தான், யொரூபா மொழியில் கீர்த்தனைகள் பாடி இசைத்தட்டே வெளியிட்டவர். அம்மா ஃபுன்மிலாயோ, பெண்கள்மீது விதித்த வரியை எதிர்த்து அபெயோகுட்டா ஊர்ப் பெண்களைத் திரட்டியவர். அரண்மனை முன்னால் அந்தப் பெண்கள் மன்னரைக் கேலி செய்து பாட்டுப் பாடினார்கள். 1949-இல் மன்னர் அரியணையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. பாட்டால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அதே அம்மாவின் மகன்தான் 1978-இல் ஒரே நாளில் 27 பெண்களை மணந்தார். பெண்களைப் பற்றி அவர் பாடியதும் பேசியதும் பல இடங்களில் எனக்கு ஏற்பில்லை. ஒடுக்குமுறையை இவ்வளவு துல்லியமாகப் பார்த்தவருக்குத் தன் வீட்டுக்குள் அது தெரியவில்லை. அந்தக் காலம் அப்படி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் அந்தக் காலத்துக்கும் முந்தியவர் ஃபுன்மிலாயோ.

1977 பிப்ரவரியில் ராணுவம் ஃபெலாவின் கலகூட்டா வீட்டைக் கொளுத்தியது. வயதான அந்த அம்மாவை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். அரசு விசாரணை, செய்தது 'அடையாளம் தெரியாத சிப்பாய்' என்று முடித்துக்கொண்டது. ஃபெலா ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்சித் தலைவர் இருந்த டோடன் படைமுகாம் வாசலில் வைத்தார். அதைத்தான் 1981-இல் 'காஃபின் ஃபார் ஹெட் ஆஃப் ஸ்டேட்' (ஆட்சித் தலைவருக்கு ஒரு சவப்பெட்டி) என்று பாடினார். அன்றைய ராணுவ ஆட்சியின் முதலிடத்தில் கிறிஸ்தவரான ஒபசாஞ்சோ, இரண்டாமிடத்தில் முஸ்லிமான யாராதுவா. ஒரு பக்கம் இயேசுவின் பெயர், இன்னொரு பக்கம் அல்லாஹ்வின் பெயர் என்று பாட்டு இரண்டையும் மாறி மாறி உச்சரிக்கிறது. நடுநடுவே நாட்டில் நடக்கும் அக்கிரமங்களைச் சொல்லிக்கொண்டே போகிறது.

கடைசியில் மிஞ்சுவது அந்தப் பெட்டிதான். வாங்க மாட்டோம் என்றார்கள், வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது என்று திரும்பத் திரும்பப் பாடுகிறார். கோரஸும் விடாமல் கூடவே வருகிறது. அந்த இடம் வரும்போதெல்லாம் கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.