சர்காசம் பாசி: தொட்டாலே சாவா?

“அட்லாண்டிக்கில் 8,000 கி.மீ. நீள விஷப்பாசி! தொட்டால் சாவு, மீன்களெல்லாம் செத்துவிட்டன” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அதோடு வரும் படத்தில் இருப்பது சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி. இது விஷமல்ல, தொட்டால் யாரும் சாகமாட்டார்கள். அதில் வாழும் மிகச் சிறிய கடல் உயிரினங்களால் சிலருக்குத் தோல் அரிக்கலாம், அவ்வளவுதான்.

நீளம் மட்டும் உண்மை. 2018-இல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை ஏறக்குறைய 8,850 கி.மீ., 2 கோடி டன்னுக்கு மேல் மிதந்தது. ஒரு கொத்தைக் கையில் எடுத்தால் மிளகு போலச் சின்னச் சின்னக் காற்றுப்பைகள் தெரியும். அவைதான் அதை மிதக்க வைக்கின்றன. நடுக்கடலில் ஆமைக்குஞ்சும் இறாலும் நண்டும் அதற்குள்தான் ஒளிந்து வளர்கின்றன.

தொல்லை கரையில்தான். குவியலாக ஒதுங்கி அழுகும்போது நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வருகிறது. நீர் கலங்கி வெளிச்சம் மறைவதால் கடற்புல்லும் பவளமும் வாடுகின்றன. 2018-இல் மெக்சிகோவின் கரீபியன் கரையில் இப்படி 78 வகை உயிரினங்கள் மடிந்தன. இந்த இழப்பு எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. ஆனால் அது அந்தக் கரையோரத்தில் நடந்தது, கடல் முழுக்க அல்ல.

தெற்கு ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் படங்களோடு மாதந்தோறும் சர்காசம் அறிக்கை வெளியிடுகிறது, அங்கே சரிபார்க்கலாம். அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்; அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.