தெருவில் நிற்கும் பழைய பொருள்கள் தெருவிலேயே நிற்கட்டும்

நாகர்கோவிலில் பழைமை என்ற பேச்சை எடுத்தால் எல்லோரும் மணிமேடையைத்தான் காட்டுவார்கள். திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாளின் வருகையை ஒட்டிக் கட்டப்பட்டு 1893-இல் திறக்கப்பட்ட அந்தக் கோபுரத்தின் மீது எனக்கு வருத்தம் எதுவுமில்லை. ஆனால் அதன் அடியிலிருந்து பிரியும் சாலைகளில் நின்ற விளக்குக் கம்பங்களும் மைல்கற்களும், வண்டி மாடுகள் தண்ணீர் குடித்த கல்தொட்டிகளும், சுமைதாங்கிகளும் என்னவாயின என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு நான் தேடிக்கொண்டிருப்பது இவற்றைத்தான்.

கோட்டாறு கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில், கேபிள் டிவி வயர்களைத் தாங்கிக்கொண்டு ஒரு வார்ப்பிரும்புக் கம்பம் நிற்கிறது. பலமுறை அதைக் கடந்து போயிருந்தும், ஒருநாள் தற்செயலாக அண்ணாந்து பார்த்தபோதுதான் உச்சிக்குச் சற்றுக் கீழே இரு பக்கமும் ஒரு சாண் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த குறுக்குக் கம்பி கண்ணில் பட்டது. விளக்கேற்றுபவர் ஏணியைச் சாய்ப்பதற்கான கம்பி அது. மாலைதோறும் ஒருவர் ஏணியோடு வந்து, கண்ணாடிக் கூண்டைத் திறந்து, எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றிய காலத்தின் மிச்சம் அது. மின்விளக்குக்கென்றே செய்த கம்பத்தில் அதற்கு வேலையில்லை. அருகில் போய்த் தடவினால் கம்பத்தின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக மெல்லிய வரப்பு ஒன்று விரலில் தட்டுப்படுகிறது. அச்சின் இரு பாதிகளும் சேர்ந்த கோடு அது. வெல்டிங் தழும்பு எங்கும் இல்லை. பெயிண்ட் உரிந்த இடத்தில் வெள்ளிப் பூச்சுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே கறுப்பு. வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, லாரி இடித்தால் விரிசல் விட்டு உடைந்துவிடும் என்பதால், அது இத்தனை நாள் நிற்பதற்கு அந்தச் சந்தின் குறுகலும் ஒரு காரணமாக இருக்கலாம். இதற்கிடையே பூங்காக்களில் பழைமைத் தோற்றம் என்ற பெயரில் புத்தம்புது விளக்குகளை நட்டு வைக்கிறார்கள். அவற்றைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கைக் கட்டணம் செலுத்தி வியந்து பார்க்கிறோம். தெருவுக்கு வெளிச்சம் தந்த விளக்கு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகிறது.

என் மனம் அதிகம் ஒன்றுவது சுமைதாங்கியோடுதான். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்காகக் கிடத்தியிருப்பார்கள். உயரம் ஓர் ஆளின் நெஞ்சளவு அல்லது தோளளவு. கடற்கரையிலிருந்து மீன் கடவத்தைச் சுமந்து உள்நாட்டுச் சந்தைகளுக்கு நடந்த பெண்களும், கருப்பட்டியும் உப்பும் சுமந்தவர்களும், பிறர் கை கொடுக்காமலேயே சுமையை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு, சும்மாட்டை உதறி, மூச்சு வாங்கிக்கொள்ள ஏற்ற உயரம் அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டு வைக்கும் வழக்கமும் உண்டு. அந்தப் பெண் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக ஊரார் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம். ஏற்றம் முடியும் இடத்திலும் கிணற்றடியிலும் மரநிழலிலும் பார்த்துப் பார்த்து நட்டிருப்பார்கள். ஆகவே, பாதுகாப்பதாகச் சொல்லி அதைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைப்பதை நான் ஏற்கமாட்டேன். அங்கே அது மூன்று கற்கள் மட்டுமே. எந்த ஏற்றத்தில் கழுத்து வலித்தது என்பது அது நின்ற இடத்தில்தான் தெரியும்.

திருவிதாங்கூர் சமஸ்தானம் தனியாக நடத்திய தபால் சேவையான ‘அஞ்சல்’, சங்கு முத்திரை பதித்து வைத்த பெட்டிகளும் இந்த வரிசையில் சேர்பவையே. 1951-இல் அந்தச் சேவை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. பெட்டிகள் போய்விட்டாலும், நல்லவேளையாக, அஞ்சல் என்ற சொல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

தக்கலைக்கு அப்பால் ஒரு கிளைச் சாலையில் நான் அடிக்கடி பார்த்துவந்த சுமைதாங்கி ஒன்று, ஓடை கட்டும் வேலையின்போது சாய்க்கப்பட்டது. அதன் குறுக்குக்கல் இப்போது ஒரு தேநீர்க் கடை வாசலில் ஓடைக்கு மூடியாகக் கிடக்கிறது. வேலை செய்தவர்களை நான் திட்டவில்லை. நீளமான, உறுதியான கல் கையருகே கிடந்தால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். அது இன்னதென்று அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு பட்டியல் யாரிடமும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். குனிந்து பார்த்தால் ‘கொல்லம்’ என்ற சொல்லும், நான்கு இலக்க ஆண்டின் முதல் இரண்டு இலக்கங்களான 10-உம் தெரிகின்றன, மற்றவை தேய்ந்துவிட்டன. திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். அப்படியானால் அந்தக் கல் 1824-க்கும் 1924-க்கும் இடைப்பட்டது. 1958-ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டம் பழமையான சின்னத்துக்கு 100 ஆண்டு வயது கேட்கிறது. எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் இந்தக் கல்லுக்கு அந்த வயது ஆகிவிட்டது. வயது இருந்தும் என்ன, யாராவது அதைக் குறித்து வைத்திருந்தால்தானே அடுத்த கட்டம்?

எனவே உங்கள் ஊரில் இப்படி ஏதேனும் நின்றால், அது நிற்கும் இடமும் சுற்றுப்புறமும் தெரியும்படி ஒரு படம் எடுத்து இங்கே பதியுங்கள். தயவுசெய்து பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். தேநீர்க் கடைக்காரரிடம் பேசியிருக்கிறேன். மழைக்கு முன்பு ஓடையைத் தூர்வார மூடிகளை எடுக்கும்போது எனக்குத் தகவல் சொல்வதாகக் கூறியிருக்கிறார். நட்டு வைத்திருந்த இரண்டு கற்களும் பக்கத்துப் புதரில்தான் கிடக்கின்றன. நான்கைந்து பேர் கை கொடுத்தால் பழைய இடத்திலேயே நிறுத்திவிடலாம். தக்கலைப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.