பரேஹாவின் கையிலிருக்கும் காகிதம்

ஐரோப்பிய ஓவியங்கள் பக்கம் கொஞ்சம் ஒதுங்கியவர்கள்கூட அந்த முகத்தை எங்காவது பார்த்திருப்பார்கள். பழுப்பு நிறம், சுருண்ட தலைமுடி, அகன்ற வெள்ளை லேஸ் காலர், உடம்புக்குக் குறுக்கே மடித்து வைத்த கை, நம்மை நேராகப் பார்க்கும் கண்கள். ஸ்பெயின் நாட்டு ஓவியர் டியேகோ வெலாஸ்கெஸ் 1650-ல் ரோமில் வரைந்த ஹுவான் டி பரேஹாவின் உருவப்படம் அது. அதை யார் பகிர்ந்தாலும், தன் அடிமையை ஓர் அரசனைப் போல வரைந்த மாமனிதர் வெலாஸ்கெஸ் என்ற புகழ்ச்சியும் கூடவே வருகிறது. இந்தப் புகழ்ச்சியோடு எனக்கு நெடுநாளாகச் சண்டை.

படத்தைக் குறை சொல்லவில்லை. அந்த வருடம் மார்ச் 19 அன்று ரோமின் பழம்பெரும் கட்டடமான பாந்தியனில் அதை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். மற்றதெல்லாம் ஓவியம், இது ஒன்றுதான் உண்மை என்று அங்கிருந்த ஓவியர்கள் வியந்ததாக, வெலாஸ்கெஸின் வாழ்க்கையை எழுதிய பாலோமினோ பதிவு செய்திருக்கிறார். நம்பத்தான் தோன்றுகிறது. அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை, பயம் இல்லை.

ஆனால் படம் பாந்தியனில் தொங்கியபோது அந்த மனிதர் வெலாஸ்கெஸின் உடைமை. நவம்பர் 23-ல்தான், அதே ரோமில், வெலாஸ்கெஸ் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அதுவும் உடனடி விடுதலை இல்லை. இன்னும் நான்கு வருடம் ஓடிப்போகாமல், குற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால்தான் பத்திரம் செல்லும். அந்தக் கண்களை அவ்வளவு கூர்ந்து பார்த்து வரைந்த அதே கைதான் இந்த நிபந்தனையின் கீழும் கையெழுத்திட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தப் படத்தை என்னால் ரசிக்க முடியவில்லை.

பாலோமினோ 1724-ல் எழுதியது வேறு கதை. பரேஹா எஜமானருக்குத் தெரியாமல் ஓவியம் கற்றாராம். தான் வரைந்த ஒன்றை, ஸ்பெயினின் நான்காம் பிலிப் அரசர் வரும் நேரம் பார்த்துச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாராம். அரசர் அதைத் திருப்பிப் பார்த்ததும் பரேஹா காலில் விழ, இத்தனை திறமை உள்ளவன் அடிமையாக இருக்கக் கூடாது என்று அரசர் சொன்னாராம். அழகான கதைதான், சினிமாக் காட்சி மாதிரி. ஆனால் ரோம் ஆவணக் காப்பகத்தில் கிடைத்து 1983-ல் வெளியான பத்திரம் இந்தக் கதையோடு ஒட்டவில்லை. கையெழுத்தானது ரோமில், அரசர் இருந்ததோ ஸ்பெயினில். இருந்தும் இன்றுவரை கதைதான் ஓடுகிறது. ஒரு கருப்பின ஓவியரின் வாழ்க்கையில்கூட அரசரின் பெருந்தன்மையைத் தேடும் பழக்கம் நம்மை விடவில்லை.

சரி, பரேஹா என்ன வரைந்தார்? என் கோபமெல்லாம் இங்கேதான். அவரைப் பற்றி உருகி எழுதுகிறவர்களில் எத்தனை பேர் அவருடைய ஓவியம் ஒன்றையாவது பார்த்திருக்கிறார்கள்?

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் அவர் 1661-ல் வரைந்த 'மத்தேயுவின் அழைப்பு' இருக்கிறது. மூன்றே கால் மீட்டர் அகலம். வரி வசூலிக்கும் மத்தேயுவை இயேசு கூப்பிடும் காட்சி. பளபளக்கும் துணிகள், கனத்த மேசை விரிப்பு, நெருக்கியடித்து நிற்கும் ஆட்கள். வெலாஸ்கெஸின் அமைதியும் காற்றோட்டமும் இதில் இல்லை. அதனாலேயே பலர் இதை மட்டமாகப் பேசுகிறார்கள். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. எஜமானரின் பட்டறையிலேயே அத்தனை வருடம் இருந்தவர் அவரைப் போல வரைய முயலவில்லை. அன்றைய மாட்ரிட்டின் இளைய ஓவியர்களோடு சேர்ந்து, வண்ணம் கொழிக்கும் பாணியைப் பிடித்துக்கொண்டார். அது அவராக எடுத்த முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

அந்த ஓவியத்தின் இடது ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். மத்தேயுவின் கதையில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. நம்மைப் பார்க்கிறார், கையில் ஒரு காகிதம். அவர்தான் பரேஹா. 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தில் வெலாஸ்கெஸ் தூரிகையோடு தன்னை நிறுத்திக்கொண்டது 1656-ல். ஐந்து வருடம் கழித்து, வெலாஸ்கெஸ் இறந்த மறுவருடம், பரேஹா தன்னை இப்படி நிறுத்துகிறார். இதில் அவருடைய முகம் ரோம் படத்தில் இருப்பதைவிட வெளுப்பாக இருக்கிறது. அதைப் பார்த்து எனக்கு மனம் கனத்தது. அன்றைய மாட்ரிட்டில் ஓவியராகத் தலைநிமிர்ந்து நிற்க அவர் கொடுத்த விலையோ அது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ரோம் படம் 1970-ல் லண்டன் ஏலத்தில் 23 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. ஏலத்தில் 10 லட்சம் பவுண்டைத் தாண்டிய முதல் ஓவியம் அதுதான். வாங்கியது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம். பரேஹாவை ஓர் ஓவியராக முன்னிறுத்தி அதே அருங்காட்சியகம் கண்காட்சி நடத்த 2023 வரை ஆனது. 1920-களிலேயே ஆர்துரோ ஷோம்பர்க் என்ற கருப்பின அறிஞர் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி ஸ்பெயினுக்குப் போய் இந்த மத்தேயு ஓவியத்தைத் தேடியிருக்கிறார். உலகம் உருவப்படத்தில் இருக்கும் ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஷோம்பர்க் தேடியது வரைந்த ஆளை.

அடுத்த முறை யாராவது அந்த வெள்ளைக் காலர் படத்தைப் பகிர்ந்தால், கமெண்ட்டில் மத்தேயு ஓவியத்தையும் போடுங்கள். பிராடோவின் இணையதளத்தில் இருக்கிறது. இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அந்தக் காகிதத்தில் அவர் தன் பெயரையும் வருடத்தையும் எழுதியிருக்கிறார்.