1,899 ரூபாய்க்கு ஒரு பூட்டு வாங்கினேன்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓசிக்கு அலைகிற ஆள் இல்லை. பைத்தான் என்கிற நிரல்மொழியைக் கற்றுத்தரும் ஒரு மின்னூலுக்கு 1,899 ரூபாயை என் சம்பளத்திலிருந்துதான் கொடுத்தேன். பாளையங்கோட்டையில் ஒரு மாதத்துக்குக் காலை இட்லியும் வடையும் டீயும் அந்தக் காசில் முடிந்துவிடும். கொடுத்ததில் வருத்தம் இல்லை, எழுதினவர் விஷயம் தெரிந்தவர். பகல் முழுக்க வண்ணார்பேட்டையில் ஒரு இரும்புக் கடைக்கு டேலியில் கணக்குப் போட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்காருகிற என்னைப் போன்றவனுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறார். வருத்தமெல்லாம் அந்தப் புத்தகத்துக்குப் போட்டிருக்கிற பூட்டின் மேல்தான். வருத்தம் என்ன வருத்தம்? கோட்டி பிடிக்காத குறை.

காசு கட்டியதும் ஒரு பிடிஎஃப் வரும், இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வரவில்லை. அவர்களுடைய செயலியில்தான் திறக்கும். மொத்தமே இரண்டு கருவியில்தான் திறக்கும். வாரத்துக்கு ஒரு தடவை இணையத்தில் போய் நான் நான்தான் என்று சத்தியம் பண்ண வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் பலர் வைத்திருக்கிற இலவச இயங்குதளமான லினக்ஸில் ஓடவே ஓடாது. புரோகிராமிங் புத்தகம், லினக்ஸில் ஓடாது! பக்கத்துக்குப் பக்கம் என் மின்னஞ்சலும் செல்பேசி எண்ணும் சாம்பல் நிறத்தில் குறுக்கே படுத்திருக்கும். எல்லாவற்றுக்கும் சிகரம், ஒரு வரியைக்கூட காப்பி பண்ண முடியாது.

கதைப் புத்தகம் என்றால் சரி, தொலையட்டும் என்று விட்டுவிடலாம். இது நிரல் எழுதப் பழகுகிற புத்தகம். அதில் இருப்பதை எடுத்து ஓட்டிப் பார்த்து, உடைத்துப் பார்த்து, திரும்ப ஒட்டவைத்துத்தானே பழக முடியும்? தாமிரபரணியில் குறுக்குத்துறைப் படித்துறையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தண்ணீரைத் தொடாமல் நீச்சல் படி என்றால் எப்படி?

"கையால் தட்டினால்தான் மனதில் நிற்கும்" என்று ஒரு கூட்டம் உடனே வரும் என்று தெரியும். பத்து வரிக்கு அது சரி. நூற்று நாற்பது வரிக்கு? அதுவும் வரிக்கு மேல் என் போன் நம்பரே படுத்துக் கிடக்கும்போது?

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு கிளாஸ் எழுதச் சொல்கிறார், நிரலில் ஒரே மாதிரிப் பொருள்களை வார்த்தெடுக்கிற அச்சு மாதிரி. பைத்தான் படித்தவர்களுக்குத் தெரியும், அதில் 'இனிட்' என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு அடிக்கோடு. திரையில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே கோடு மாதிரிதான் இருக்கும். பழகினவன் நீளத்தைப் பார்த்தே கண்டுகொள்வான். நான் பழகாதவன். என் பிரதியில் சரியாக அந்த இடத்தில் என் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் சாய்ந்து கிடந்தது. நான் ஒவ்வொரு அடிக்கோடாகப் போட்டுவிட்டேன். பைத்தான் அதைத் தப்பு என்று சொல்லாது. ஏதோ ஒரு சாதாரண பங்ஷன், ஒரு வேலையைச் செய்கிற நிரல் துண்டு, போலிருக்கிறது என்று அது பாட்டுக்குப் போய்விடும். பிறகு அந்த கிளாஸைக் கூப்பிடும்போதுதான் 'டேக்ஸ் நோ ஆர்கியுமென்ட்ஸ்' என்று முகத்தில் அடிக்கும். ஆர்கியுமென்ட் என்றால் நாம் உள்ளே கொடுக்கிற மதிப்பு, அதை எடுக்காதா? நான்தானே மூன்று கொடுத்திருக்கிறேன்! பத்து மணிக்கு உட்கார்ந்தவன் பதினொன்றரை வரை அடைப்புக்குறியை எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டில் எழுந்து வந்து, "யாரைத் திட்டுதிய?" என்று கேட்டாள். என் போன் நம்பரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் டீக்கடையில் இதைச் சொல்லி முடிக்கவில்லை, கூட வேலை பார்க்கிற பையன் சிரித்தான். "எதுக்குண்ணே காசு குடுத்து வாங்குனிய?" என்றான். டீ ஆறுவதற்குள் டெலிகிராமில் புத்தகம் வந்து விழுந்தது. முழுப் புத்தகம். குறுக்கே ஒரு எழுத்து கிடையாது. எந்தப் போனிலும் திறக்கும், லினக்ஸிலும் திறக்கும், எவ்வளவு வேண்டுமானாலும் காப்பி பண்ணலாம். நான் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் திறந்தேன். இரண்டு அடிக்கோடும் பளிச்சென்று இருந்தன. பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

பூட்டைப் போட்டவன் யாரைத் தடுத்தான், சொல்லுங்கள்? களவாண்டவன் கையில் நல்ல புத்தகம். காசு கொடுத்தவன் கையில் சங்கிலி போட்ட டம்ளர். பழைய அரசு அலுவலகங்களில் தண்ணீர்ப் பானையோடு டம்ளரைச் சங்கிலியால் கட்டி வைத்திருப்பார்களே, அதுதான். அதிலாவது தண்ணீர் வாய்க்கு எட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெருமாள்புரத்தில் ஒரு வீட்டு மாடியில் ஐந்து பேர் சேர்ந்து படிக்கிறோம். ஐந்து பேரும் இதே புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கியவர்கள்தான். மாடி வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தொலைபேசித் துறை அண்ணாச்சி, பூட்டின் பக்கம். "எழுதுனவன் வீட்டுலயும் அடுப்பு எரியணும்லா வே. ரெண்டு வருசம் உக்காந்து எழுதிருப்பான். ஒருத்தன் வாங்கி ஊருக்கே அனுப்பிட்டா அவன் என்ன செய்வான்?" என்றார். நியாயமான பேச்சு. அதனால்தான் நானும் காசு கொடுத்தேன். ஆனால் அண்ணாச்சி, ஊருக்கே அனுப்பியது நடந்து முடிந்துவிட்டதே! டீ ஆறுவதற்குள் வந்துவிட்டதே! அடுப்பை எரியவைக்கப் போகிறவன் நான். என் கையை அல்லவா கட்டி வைத்திருக்கிறார்கள்?

அந்த ஐந்து பேரில் ஒரு பிள்ளை முக்கூடலிலிருந்து பஸ் ஏறி வரும். கல்லூரியில் கடைசி வருடம். அம்மா பீடி சுற்றுகிறவர். புத்தகத்துக்கு மூன்று மாதம் காசு சேர்த்தது. கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை திறந்தது, தன் போனில் ஒரு தடவை திறந்தது. இரண்டு கருவி முடிந்தது கணக்கு. போன் பஸ்ஸில் கீழே விழுந்து டிஸ்பிளே போய்விட்டது. அண்ணனுடைய பழைய போனில் திறந்தால், 'அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை முடிந்துவிட்டது' என்கிறது. கடிதம் எழுதினால் பழைய கருவியிலிருந்து வெளியேறச் சொல்கிறார்கள். உடைந்த போனிலிருந்து எப்படி வெளியேறுவது? ஒன்பது நாள் கழித்துத்தான் திறந்துவிட்டார்கள். அதற்குள் செமஸ்டர் முடிந்தேவிட்டது. "புக்கு வாங்குனேனா, வாடகைக்கு எடுத்தேனாண்ணே?" என்று கேட்டது. வாடகைக்காரனுக்குக்கூட வீட்டைக் காலி பண்ண நாள் கொடுப்பார்கள்.

இந்தக் கடுப்பில்தான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். பூட்டு என்று சொல்கிறார்களே, அதன் லட்சணம் என்ன என்று. கோப்பைச் சங்கேதமாக்கி அனுப்புகிறார்கள். அதைத் திறக்கிற சாவியையும், செயலிக்குள் ஒளித்து, நம் கம்ப்யூட்டருக்கே அனுப்புகிறார்கள். வேறு வழியில்லை. நம் திரையில் எழுத்து தெரிய வேண்டும் என்றால் நம் வீட்டில்தான் பூட்டு திறந்தாக வேண்டும். பூட்டும் இங்கே, சாவியும் இங்கே. ஊரில் ஒரே ஒரு கெட்டிக்காரன் சாவியைக் கண்டுபிடித்தால் போதும், மற்றவர்களுக்கு அது டெலிகிராமில் வந்துவிடும். மிச்சப் பேர் அத்தனை பேரும் பூட்டோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

2001-ல் திமித்ரி ஸ்க்ல்யாரோவ் என்ற ரஷ்யப் புரோகிராமர் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு மாநாட்டில் இதைத்தான் விளக்கிப் பேசினார். மின்னூல் பூட்டுகள் எவ்வளவு ஓட்டை என்று. ஒரு பூட்டு, ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி வைப்பது, அவ்வளவுதானாம். சின்னப் பிள்ளையில் நாம் பேசுவோமே 'க' பாஷை, 'கநீ கஎ கங் ககே' என்று, அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பேசிவிட்டு ஊருக்குக் கிளம்பியவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பூட்டைத் திறக்கிற மென்பொருளை விற்றதாக அவர் வேலை பார்த்த நிறுவனத்தின் மேல் வழக்கு நடந்து, 2002 டிசம்பரில் ஜூரி குற்றமில்லை என்று விட்டுவிட்டது. பூட்டு ஓட்டை என்று சொன்னவன் ஜெயிலில் இருந்தான். ஓட்டைப் பூட்டை விற்றவன் விற்றுக்கொண்டே இருந்தான்.

2009-ல் அமேசான், தான் விற்ற ஒரு புத்தகத்தை வாங்கினவர்களின் கிண்டில் என்கிற மின்னூல் கருவிக்குள் புகுந்து அழித்தது. எந்தப் புத்தகம் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல்லின் 1984, அரசாங்கமே பழைய எழுத்தையெல்லாம் அழித்து மாற்றுகிற கதை. கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜம். 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கின புத்தகங்களெல்லாம் ஜூலையோடு போயின. காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்தவர்களுக்கு 25 டாலர் கூடுதல். என் தாத்தா பஞ்சாங்கத்தின் ஓரத்தில் வயல் கணக்கு எழுதி வைத்திருந்தார். அதை இன்றும் எடுத்துப் பார்க்கிறோம்.

பூட்டு இல்லாமல் விற்க முடியாதா என்றால், விற்கிறார்களே! புரோகிராமிங் புத்தகத்தில் பெரிய பெயரான ஓ'ரெய்லி பல வருடம் தன் தளத்தில் பூட்டே இல்லாமல் விற்றது. தனித்தனியாக விற்பதை அங்கே நிறுத்தியதே 2017-ல்தான். மேனிங் விற்கிறது, லீன்பப் விற்கிறது. அங்கெல்லாம் எழுதினவன் பட்டினியா கிடந்தான்?

போன மாதம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன், களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரம். போனில் சிக்னல் வேண்டுமென்றால் கோயில் பின்பக்கப் பாறையில் ஏறி நிற்க வேண்டும். சாமக்கொடைக்கு நேரம் இருக்கிறது, வில்லுப்பாட்டு இன்னும் தொடங்கவில்லை, நான்கு பக்கம் பார்ப்போமே என்று திறந்தேன். 'உங்கள் உரிமத்தைச் சரிபார்க்க இணையத்தில் இணையவும்.' வாரம் முடிந்துவிட்டதாம். ராத்திரி ஒன்பது மணிக்குப் பாறை மேல் ஏறி, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கீழே இருந்து மாமா, "எல, எவளுக்குப் போன் போடுதான் இவன்?" என்கிறார். புத்தகம் படிக்கிறேன் என்றால் நம்புவாரா?

இதெல்லாம் என் எரிச்சல். இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், வழியில் கோபம் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்கள் ஐந்து பேரில் என் சேக்காளி ஒருவன் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். எங்களில் நன்றாக நிரல் எழுதுகிறவனும் அவன்தான். என்விடிஏ என்று ஒரு இலவச மென்பொருள், 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கியது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும். அது வாசிக்கிற வேகத்தில் நமக்கு ஒரு வார்த்தை பிடிபடாது, அவன் தலையாட்டிக்கொண்டே கேட்பான். பைத்தானில் வரி எத்தனை இடம் உள்ளே தள்ளியிருக்கிறது என்பது முக்கியம் அல்லவா? அதை அந்த மென்பொருள் கொடுக்கிற ஒலியின் சுருதியை வைத்தே சொல்லிவிடுவான்.

இந்தப் புத்தகத்தை அவன் திறந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். காப்பி பண்ணிவிடக் கூடாதே என்று பக்கத்தைப் படமாகத்தான் காட்டுகிறார்கள். படத்தை எது வாசிக்கும்? அம்புக்குறியை அழுத்தினான். "பிளாங்க்" என்றது. இன்னொரு தடவை அழுத்தினான். "பிளாங்க்." ஒரு முப்பது தடவை அழுத்தியிருப்பான். எனக்குக் கண்ணுக்கு முன்னால் பக்கம் நிறைய எழுத்து. அவனுக்கு 1,899 ரூபாய்க்கு பிளாங்க்.

அவன் என்னை மாதிரி கத்துகிற ஆள் இல்லை. சட்டம் பேசுகிறவன். பார்வையற்றோருக்குப் புத்தகம் கிடைக்க வேண்டும் என்று 2013-ல் மராகேஷில் ஒரு ஒப்பந்தம் ஏற்பட்டது, 2014-ல் அதை உலகத்திலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா என்று தேதியோடு சொல்வான். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் கொண்டுவந்த திருத்தம், பூட்டை உடைத்துக் களவாண்டால் இரண்டு வருடம் வரை சிறை என்றது. அதே திருத்தம்தான் மாற்றுத்திறனாளிகள் படிக்கிற வடிவில் படி எடுத்துக்கொள்ளவும் வழி விட்டது. இதையெல்லாம் எழுதி விற்றவர்களுக்கு மூன்று கடிதம் அனுப்பினான். மூன்றாவதுக்குத்தான் பதில் வந்தது. 'தங்கள் குடும்பத்தினர் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லலாம்.'

அந்த டெலிகிராம் பிரதியை மறுபடி வாங்கித் தருகிறேன், என்விடிஏ அதை அழகாக வாசிக்கும் என்றேன். "ஏல, நான் காசு குடுத்திருக்கேன். நான் எதுக்குக் களவுப் பிரதியைப் படிக்கணும்? அவனுவ திறந்து தரட்டும்" என்றான். நாலாவது கடிதம் போய்விட்டது. பதில் வரவில்லை.

அதுவரைக்கும் நான்தான் குடும்பத்தினர். தினமும் ராத்திரி ஒன்பதரைக்குப் போன் போட்டு வாசிக்கிறேன். "டெஃப், இடைவெளி, அடிக்கோடு, அடிக்கோடு, இனிட், அடிக்கோடு, அடிக்கோடு, அடைப்புக்குறி…" என்று ஒவ்வொன்றாக. நேற்று ஒரு இடத்தில் ஒரு அடிக்கோட்டை விட்டுவிட்டேன். "ரெண்டுல்லா இருக்கணும்?" என்றான். உற்றுப் பார்த்தேன். அங்கேயும் என் போன் நம்பர்தான் மறைத்துக்கொண்டிருந்தது.

இன்றைக்கு ஐந்தாம் அத்தியாயம், மொத்தம் முப்பத்தெட்டுப் பக்கம். வரும் வழியில் தொண்டைக்குப் பனங்கற்கண்டு வாங்கி வந்திருக்கிறேன்.